வாசகர் கேள்வி: ‘வேண்டாம்’ என்பதற்கு ‘மஸ்ட் நாட்’ சரியா?

கேள்வி: நான் கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். “மூலப்பிரதிகளைக் கொண்டுவர வேண்டாம், போட்டோ கொப்பி போதும்” என்று வாடிக்கையாளர் ஒருவருக்கு அறிவிப்பதற்காக, ‘யூ மஸ்ட் நாட் பிரிங் த ஒரிஜினல்ஸ்’ என மின்னஞ்சல் எழுதினேன். மேலதிகாரி பிழை என்றார், காரணம் சொல்லவில்லை. ‘மஸ்ட்’ வேண்டும் என்றால், ‘மஸ்ட் நாட்’ வேண்டாம்தானே?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: மேலதிகாரி சொன்னது சரி. ஆனால் இந்தப் பிழையின் வேர் ‘வேண்டாம்’ என்ற நம்முடைய சொல்லில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். “நாளைக்கு வர வேண்டாம்” என்று ஒருவரிடம் சொன்னால், வரக்கூடாது என்று தடுப்பதாகவும் கொள்ளலாம், வரத் தேவையில்லை என்று அவருடைய சிரமத்தைக் குறைப்பதாகவும் கொள்ளலாம். எது என்பதைக் குரலும் சந்தர்ப்பமும் உணர்த்திவிடும். ஆங்கிலம் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்களை வைத்திருக்கிறது. ‘மஸ்ட் நாட்’ என்னும்போது ‘நாட்’ செயலை மறுக்கிறது. கொண்டுவராமல் இருப்பதே கடமை, அதாவது கொண்டுவரக் கூடாது என்று பொருளாகிறது. ‘டோன்ட் ஹேவ் டு’, ‘நீட் நாட்’ ஆகியவற்றில் கடமையே மறுக்கப்படுகிறது. கொண்டுவரும் கட்டாயம் இல்லை, விரும்பினால் கொண்டுவரலாம். நீங்கள் எழுதியிருக்க வேண்டியது ‘யூ டோன்ட் ஹேவ் டு பிரிங் த ஒரிஜினல்ஸ்’. இனி எழுதுமுன் ‘வேண்டாம்’ என்பதைத் தமிழிலேயே ‘கூடாது’ அல்லது ‘தேவையில்லை’ என்று மாற்றிப் பாருங்கள்; ஆங்கிலச் சொல் தானாகவே தெளிவாகிவிடும்.

மற்றோரிடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கவும் செய்கிறது. நான் போக வேண்டும், அவள் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும் என்று யாரைப் பற்றிச் சொன்னாலும் ‘வேண்டும்’ மாறுவதில்லை, அதற்கு முன் வரும் ‘போக’வும் மாறுவதில்லை. மஸ்ட், கேன், மே, ஷுட் போன்ற துணைவினைகளின் இயல்பும் அதுவே என்பதால், ‘ஷி மஸ்ட் கோஸ்’ என்றோ ‘ஷி கேன்ஸ் கோ’ என்றோ எழுத முடியாது. நேற்று நடந்ததைச் சொல்லும்போது நாம் ‘போக வேண்டியிருந்தது’ என்று வடிவத்தை மாற்றுகிறோம்; ஆங்கிலமும் அங்கே மஸ்ட்டைக் கைவிட்டு ‘ஹேட் டு கோ’ என்கிறது. இத்தனைக்கும் மஸ்ட் என்பதே முற்காலத்தில் வேறொரு வினையின் இறந்தகால வடிவமாக இருந்த சொல்.

கேள்வி: ‘மஸ்ட் ஹேவ் கோன்’, ‘ஷுட் ஹேவ் கோன்’ இரண்டுக்கும் ‘போயிருக்க வேண்டும்’ என்பதுதானே பொருள்?
மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: தமிழில் ஒரே தொடர்தான், ஆனால் ஆங்கிலத்தில் இரண்டும் எதிரெதிரானவை. வீடு பூட்டிக் கிடப்பதைக் கண்டு, “அவர் ஊருக்குப் போயிருக்க வேண்டும்” என்று ஊகித்தால் முதலாவது வரும். காய்ச்சலுடன் வீட்டிலேயே இருந்துவிட்டவரைப் பற்றி, “நேற்றே டொக்டரிடம் போயிருக்க வேண்டும்” என்று வருந்தினால் இரண்டாவது வரும். அவர் போகவில்லை என்ற செய்தியும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.