1908 லண்டன் ஒலிம்பிக் 400 மீட்டர் இறுதியில் ஒருவர் மட்டுமே ஓடித் தங்கம் வென்றாராமே, எப்படி?

உண்மைதான். பிரிட்டனின் விண்டம் ஹால்ஸ்வெல். ஜூலை 23 அன்று நடந்த இறுதியில் அவரோடு கார்ப்பென்டர், ராபின்ஸ், டெய்லர் என்று மூன்று அமெரிக்கர்கள் ஓடினார்கள். தனித்தனித் தடம் கிடையாது. கடைசி நேர்பாதையில் ஹால்ஸ்வெல் வெளிப்பக்கமாக முந்தப் பார்த்தார். முன்னால் போன கார்ப்பென்டர் வலப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கி, அவரை ஓடுதளத்தின் விளிம்புவரை நெருக்கிக்கொண்டே போனார். நடுவர்கள் கத்தினார்கள், முடிவுக்கோட்டு நாடாவையே அறுத்துவிட்டார்கள்.

கார்ப்பென்டர் தகுதிநீக்கம். 25ஆம் தேதி கயிறு கட்டித் தடம் பிரித்து மறு ஓட்டம். ராபின்ஸும் டெய்லரும் வர மறுத்தார்கள். ஹால்ஸ்வெல் தனியே 50.0 விநாடியில் ஓடி முடித்தார். அரையிறுதியில் 48.4 விநாடியில் பறந்தவர்! நினைத்தால் மனசு கனக்கிறது. 1915இல் பிரான்ஸ் போர்முனையில் அவர் உயிரிழந்தார்.