எபே-யில் பொருள் விற்க ஏலதாரர் உரிமம் வேண்டுமா?

எபே என்பது இணையத்தில் ஏலமுறையில் பொருள் விற்கும் தளம். அதைப் பற்றி அமெரிக்காவில் அடிக்கடி எழும் கேள்வி இது. ஏலதாரர் உரிமம் என்பது, அடுத்தவர் பொருளைக் கூவி ஏலம் விட ஒரு மாநில அரசு தரும் அனுமதி. சில மாநிலங்களில் அப்படியொரு உரிமமே கிடையாது.

உரிமம் எதற்கு? ஏலக்காரர் கையில் இரண்டு பேரின் நம்பிக்கை இருக்கிறது. பொருள் ஒருவருடையது, பணம் இன்னொருவருடையது. இரண்டையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டால்? அதனால்தான் சில மாநிலங்கள் பயிற்சியும் பிணைத்தொகையும் கேட்கின்றன.

சொந்தப் பொருளை விற்பவர் கதை வேறு. பழைய கேமராவைப் படம் பிடித்துப் போடுகிறார், அவ்வளவுதான். அதை வாங்க நீங்கள் 100 டாலர் வரை தரத் தயார் என்று பதிந்து, அடுத்தவரின் உச்சம் 60 என்றால், கணினியே 61-ல் நிறுத்திவிடும். கூவுவதற்கு ஆளே இல்லை! சொந்த வீட்டை விற்பவரிடம் யாரும் தரகர் உரிமம் கேட்பதில்லையே, அதுபோலத்தான்.

2005-ல் ஒஹாயோ மாநிலத்தின் ஏலச் சட்டம் சாதாரண எபே விற்பனையாளர்களையும் உரிமத்துக்குள் இழுத்துவிடுமோ என்று பெரிய சலசலப்பு எழுந்தது. என்னைக் கேட்டால், கமிஷனுக்கு ஊரார் பொருளை வாங்கி விற்றுத்தரும் கடைகளிடம் மட்டும் பிணை கேட்பது நியாயம்.

உரிமம் வேண்டாம் என்றால் கேள்விகேட்பாரே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நண்பரை விட்டுப் பொய்யாக விலையேற்றினால் அது உரிமம் இல்லாதவருக்கும் மோசடிதான்.