நச்சியல் படிக்கக் கேட்கும் மகளின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

பி.ஃபார்ம் முடிக்கப்போகும் மகள் நச்சியலில் (டாக்சிகாலஜி) மேற்படிப்பு கேட்கிறார். எலிகளோடு காலம் கழிக்கவா இத்தனை செலவு என்று கேட்டிருக்கிறீர்கள். எலிகளும் உண்டு, மறைப்பதற்கில்லை. எத்தனை மில்லிகிராமில் உயிர் போகும் என்ற கணக்கைத் தாண்டி, ஒரு மருந்து உடலுக்குள் எந்தப் பாதையைக் கெடுக்கிறது என்று தேடும் துறையாக அது வளர்ந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலையே பாருங்கள். கல்லீரல் அதன் பெரும்பகுதியைக் குளுகுரோனிக் அமிலத்தோடும் சல்பேட்டோடும் இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். சிறு பங்கு மட்டும் சைட்டோகுரோம் பி450 நொதிகளால் என்.ஏ.பி.க்யூ.ஐ. என்ற நச்சாக மாறும். செல்களுக்குக் காவலாக இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் அதை உடனே முறித்துவிடும். அளவு மீறினால் இணைக்கும் வழிகள் திணறி, நச்சு பெருகி, குளுட்டாதயோன் தீர்ந்துபோகிறது. மிஞ்சும் நச்சு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் ஒட்டிக்கொள்ள, கல்லீரல் செல்கள் மடிகின்றன. இந்தப் பாதை புரிந்ததன் பலனாகவே 1970களில் அசிட்டைல்சிஸ்டீன் முறிமருந்தாக வந்தது: உடல் மீண்டும் குளுட்டாதயோன் செய்துகொள்ளத் தேவையான சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை அது தருகிறது.

மகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். காகிதம் எடுத்து அம்புக்குறி போட்டு விளக்கத் தொடங்கினால் தயங்காமல் அனுப்புங்கள். பாடப்பெயரின் கவர்ச்சி மட்டும்தான் என்று தெரிந்தால், ஓராண்டு வேலை பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

மருந்து நிறுவனங்களின் பாதுகாப்பு ஆய்வு, ஒப்பந்த ஆய்வுக்கூடங்கள், பக்கவிளைவுக் கண்காணிப்பு ஆகியவற்றில் வேலை உண்டு. கடைசியாகச் சொன்னதற்குப் பி.ஃபார்மே பெரும்பாலும் போதும்; ஆய்வுப் பணிக்குப் போதாது. மொகாலியில் உள்ள தேசிய மருந்துக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான நைப்பரில் மருந்தியல்-நச்சியல் முதுகலை இருக்கிறது. பி.ஃபார்ம் பட்டதாரிகளுக்கான தேசியத் தகுதித் தேர்வான ஜிபாட்டும் நைப்பர் நுழைவுத்தேர்வும் எழுத வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்கு லக்னோவில் இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் உண்டு.

விலங்குகளைக் கையாள மனம் ஒப்பவில்லை என்றாலும் கதவு மூடிவிடவில்லை. அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய டாக்ஸ்21 திட்டம், ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை மனித செல்களில் தானியங்கிக் கருவிகளால் சோதிக்கிறது. அப்படிக் குவியும் தரவுகளைப் படிக்கப் புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் வேண்டும். எந்தக் கல்லூரிக்காகவும் காத்திருக்காமல் இவற்றை இப்போதே தொடங்கலாம். உயிர்வேதியியலையும் தூசி தட்டச் சொல்லுங்கள். பி.ஃபார்ம் மாணவர்கள் பலர் முதலாண்டோடு கைகழுவும் பாடம் அது.