பஞ்சாங்கத்துக்கு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டுமா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி, "ஊரில் இப்படிச் செய்வார்களாம், இங்கேயும் சரிப்படுமா?" என்ற வகை. நாற்பது வருடம் யாங்கோனில் மருந்துக்கடை வைத்திருந்தவள் நான். கடைக்கு வந்தவர்களும் இதையேதான் கேட்பார்கள். முதல் கேள்வியை மட்டும் விரிவாக எழுதுகிறேன். அது பல வீடுகளில் சண்டையாகவே நடக்கிறது.

சென்னையிலிருந்து தங்கை தினசரிக் காலண்டர் அனுப்பினாள். அதில் செவ்வாய்க்கிழமை ராகு காலம் 3 மணி முதல் 4.30 வரை. நமக்கு இந்தியாவை விட ஒரு மணி நேரம் முன்னால் என்பதால் 4 முதல் 5.30 வரை என்று கூட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார் மாமியார். கூட்டக் கூடாது என்கிறார் என் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?
(தாம்வே வாசகி)

ராகு காலக் கணக்கில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. திதி, நட்சத்திரத்தில் மாமியார் சொல்வது சரி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன் மகளே, பிறகு நீங்களே இரண்டு பேருக்கும் எடுத்துச் சொல்லலாம்.

ராகு காலம் சூரியனை வைத்துப் போட்ட கணக்கு. சூரியன் உதித்து மறையும் வரையுள்ள பகலை எட்டுப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை ஒவ்வொரு கிழமைக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். 6 மணிக்கு உதயம், 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். காலண்டரில் அச்சாகும் 3 முதல் 4.30 இப்படி வந்ததுதான். நம் ஊர்ச் சூரியன் நம் ஊர்க் கடிகாரத்தில் என்ன மணிக்கு உதிக்கிறது என்பதே இங்கே கேள்வி.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்தியக் கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை வைத்து ஓடுகிறது. சென்னை இருப்பது ஏறக்குறைய 80¼ பாகையில். ஆகவே அங்கே சூரியன் உச்சிக்கு வருவது, வருடத்துச் சராசரியில், 12 மணி 9 நிமிடத்துக்கு. பர்மாக் கடிகாரத்துக்கு அடிப்படை 97½ பாகை. அந்தக் கோடு மோல்மீனுக்குப் பக்கத்தில் போகிறது. யாங்கோன் அதற்குச் சற்று மேற்கே, 96 பாகையைத் தாண்டி இருக்கிறது. இங்கே உச்சி வேளை சராசரியாக 12 மணி 5 நிமிடம். இரண்டு ஊருக்கும் நடுவே கடல் கிடக்கிறது, ஆனால் அவரவர் கடிகாரத்தில் சூரியன் நிற்கும் இடத்துக்கு வித்தியாசம் நாலு நிமிடம்தான்! அதனால் ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாவற்றையும் காலண்டரில் உள்ளபடியே நம் கடிகாரத்தில் பாருங்கள். ஒரு மணி நேரம் கூட்டினால் தப்பாகிவிடும்.

திதி அப்படியில்லை. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி முடியும். அது வானத்தில் ஒரே ஒரு கணத்தில் நடக்கிறது, சென்னைக்கும் நமக்கும் அந்தக் கணம் ஒன்றுதான். அங்கே கடிகாரம் இரவு 7.40 காட்டும்போது இங்கே 8.40. ஆகவே திதி, நட்சத்திரம், சந்திர கிரகணம், சங்கராந்தி இவற்றுக்குக் கட்டாயம் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை 5.30க்கு அமாவாசை பிறப்பதாகச் சென்னைக் காலண்டர் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உதயம் 6 மணியைக் கொஞ்சம் தாண்டி. உதயத்திலேயே அமாவாசை இருக்கிறது. இங்கேயும் உதயம் 6 மணியை ஒட்டித்தான், ஆனால் அமாவாசை பிறப்பது நம் 6.30க்கு. நமக்கு உதயத்தில் சதுர்த்தசியே இருக்கும். அதனால்தான் விரத நாள் சில சமயம் ஊரில் ஒன்றாகவும் இங்கே வேறாகவும் வருகிறது. நம் கோயில் ஐயர் வேறு நாள் சொன்னால் அவர் தப்பு என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவர் இந்த ஊருக்குக் கணித்திருப்பார்.

கணக்கில் நம்பிக்கை வராதவர்களுக்கு ஒரு சோதனை. சூரியன் யாங்கோனுக்கு நேர் உச்சியில் வருவது வருடத்தில் இரண்டு முறை. மே 7 அல்லது 8, பிறகு ஆகஸ்ட் 5 அல்லது 6. ஆகஸ்டில் மழை மேகம் விடாது, அதனால் மே மாதம் பாருங்கள். கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு மொட்டை மாடியில் நான் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைத்தேன். 11.30க்கு நிழல் இருந்தது. 12 மணி தாண்டி இரண்டு மூன்று நிமிடத்தில் நிழல் பாட்டிலின் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிட்டது. பிள்ளைகள் கைதட்டியது கீழ்மாடி வரை கேட்டதாம். சென்னையில் இதே காட்சி ஏப்ரல் 24ஐ ஒட்டியே வந்துவிடும், ஏனென்றால் அது நமக்குத் தெற்கே இருக்கிறது.

பாட்டி கைப்பட எழுதிவைத்த எலுமிச்சை ஊறுகாய்க் குறிப்பில் "காய் 1 வீசை, உப்பு 8 பலம்" என்று இருக்கிறது. ஒரு பலம் 35 கிராம் என்று விசாரித்து, கடையில் ஒரு வீசை காய் வாங்கிப் போட்டேன். மேலே பூஞ்சை பிடித்துவிட்டது. எங்கே தவறு?
(தட்டோன் வாசகி)

தவறு உங்களுடையது இல்லை. இரண்டு வீசை இருக்கிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாட்டியின் வீசை மதராஸ் வீசை. 40 பலம் சேர்ந்தது, ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். நம் சந்தையில் நிறுத்துக் கொடுப்பது பர்மா வீசை. பர்மியர் 'பேத்தா' என்பார்கள். அது 100 கியாத்தா, 1 கிலோ 630 கிராம் வரும். ஆங்கிலேயர் காலத்திலிருந்து இதற்கு எழுதிவரும் 'விஸ்' என்ற பெயர் நம் 'வீசை'யிலிருந்து போனதுதான். சொல் தமிழ்ச் சொல்லாக இருக்கிறது, எடை மட்டும் இந்த மண்ணின் எடை.

பாட்டி கணக்கில் 1,400 கிராம் காய்க்கு 280 கிராம் உப்பு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. நீங்கள் 1,630 கிராம் காய்க்கு அதே 280 கிராமைப் போட்டிருக்கிறீர்கள். உப்பு குறைந்துவிட்டது. 40க்கு 8 என்றால் 100க்கு 20. ஆகவே நம் ஒரு வீசைக் காய்க்கு 20 கியாத்தா உப்பு போடுங்கள். கிராமே வேண்டாம், கடைத் தராசே போதும். பூஞ்சை பிடித்த ஜாடியை மேலே வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம். பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும்.

மின்சாரம் இல்லாததால் குளிர்பெட்டியை நம்ப முடியவில்லை. மீந்த சோற்றை மறுநாள் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டால் பயமில்லையா? பழைய சோறு நல்லது என்கிறார்களே?
(பெகு வாசகர்)

தம்பி, நன்றாகச் சூடாக்கினால் எல்லாம் செத்துவிடும் என்றுதான் நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். ஒரு நாள் மத்தியானச் சோற்றைக் குக்கரிலேயே மூடி வைத்து, இரவு தாளித்துப் பேரனுக்குக் கொடுத்தேன். மூன்று மணி நேரத்தில் பிள்ளை விடாமல் வாந்தி எடுத்தான். மருந்துக்கடைக்காரியின் பேரன். அந்த இரவை நான் மறக்கவில்லை, அதனால்தான் இதை அழுத்தி எழுதுகிறேன்.

அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு கொதிக்கும்போது மற்றவை சாகும், இந்த வித்து பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாக மூடிக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு சோற்றில் ஊறிவிட்டால் மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. வாடையும் வராது, ருசியும் மாறாது. ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும்.

ஆகவே சோறு மீந்தது தெரிந்தவுடன் அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். குவியலாக, சட்டியோடு, மூடி போட்டு வைப்பதுதான் ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்குள் அது குளிர்ச்சியான இடத்துக்குப் போய்விட வேண்டும். அதற்கு வழியில்லையா, அளவாக வடியுங்கள்.

பழைய சோறு வேறு வகை. ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும்போது புளிப்பை உண்டாக்கும் பாக்டீரியா பெருகுகிறது. அந்தப் புளிப்பு கெட்ட நுண்ணுயிரிகளை அடக்கி வைக்கிறது. நம் ஆட்கள் சின்ன வெங்காயத்தோடு குடித்துவிட்டு வயலுக்குப் போனது இந்தப் பலத்தில்தான். ஆனால் மத்தியானம் முழுக்க வெதுவெதுப்பாகக் கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது, கெட்ட சோறுதான். இரவு வடித்து, ஆறியவுடன் நீர் ஊற்றி, காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கொழகொழப்பு இருந்தால் கொட்டிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு வாந்தி வந்தால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலந்து, வாய்வாயாகக் கொடுங்கள். மயங்கிக் கிடந்தாலோ சிறுநீர் போகாவிட்டாலோ உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தனகா பூசினால் முகம் குளிர்கிறதே, அதில் மருந்து உண்டா? நம் தமிழ்நாட்டில் அந்த மரம் இல்லையாமே?
(தன்லியின் கல்லூரி மாணவி)

இருக்கிறது கண்ணு. எலுமிச்சைக் குடும்பத்து முள்மரம் அது. தமிழ்நாட்டில் அதே மரத்துக்கு மகாவில்வம் என்று பெயர். அங்கே இலையைச் சிவனுக்குச் சாத்துகிறோம், இங்கே பட்டையைக் கல்லில் உரைத்துக் கன்னத்தில் பூசுகிறோம். ஒரே மரம் என்று தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

குளிர்ச்சி பெரும்பாலும் தண்ணீரால் வருவது. உரைத்த விழுதில் உள்ள ஈரம் காயும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பட்டையில் மார்மெசின் என்ற பொருள் உண்டு. அது புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை உறிஞ்சும். அதற்காக நாள் முழுக்க வெயிலில் நிற்க அது கவசம் ஆகாது, குடையும் வேண்டும். 'வெளுக்க வைக்கும் தனகா' என்று பெயர் ஊர் இல்லாத டப்பாக்களில் விற்பதை மட்டும் வாங்காதே. வெளுக்க வைக்கும் களிம்புகள் பலவற்றில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைப் பாழாக்கும். கட்டையும் கல்லும் வாங்கி வீட்டிலேயே உரைத்துக்கொள்.

சென்னையில் 'பர்மா அத்தோ' சாப்பிட்டேன். இங்கே அப்படி ஒன்று இல்லையே?
(மோல்மீன் வாசகர்)

பர்மியில் 'அத்தோ' என்றால் கையால் பிசைந்து கலந்தது என்று பொருள். நாம் 'கௌசுவே தோ' என்று சாப்பிடும் நூடுல்ஸ் கலவைதான் அது. 1964க்குப் பிறகு கடைகளை இழந்து ஊர் திரும்பிய நம் ஜனங்கள் அங்கே தெருவோரம் போட்டு விற்று, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அத்தோவின் ஆரஞ்சு நிறம் அங்கே போன பிறகு சேர்ந்தது.

பரீட்சைக்கு இரவில் விழித்திருக்க மகள் லப்பே (புளிக்க வைத்த தேயிலை) சாப்பிடுகிறாள். அவளுக்கு ரத்தச் சோகை, இரும்பு மாத்திரையும் எடுக்கிறாள். ஊறவைத்த இலையில் தேயிலைக் குணம் இருக்குமா?
(பாசுண்டாவ் தாய்)

இருக்கும். ஆவியில் அவித்து, அழுத்தி, மாதக்கணக்கில் புளிக்க வைத்தாலும் காஃபீன் போய்விடாது. சாப்பிட்டதில் பாதி உடம்பை விட்டு இறங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்குச் சாப்பிட்டால் 3 மணிக்கும் பாதி மிச்சம், பரீட்சையில் தலை சுற்றும். அதை விட முக்கியம் மாத்திரை. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாது. மாத்திரைக்கும் லப்பேக்கும் தேநீருக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு கொடுங்கள், நன்றாக ஏறும். லப்பேயை மத்தியானத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம். சார்ஜ் ஏறும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கிறது.
(டகோன் வாசகர்)

இதைப் படித்து முடிக்குமுன் எழுந்து போய் சாமி மாடத்து அகல் விளக்கை அணையுங்கள், ஜன்னலைத் திறங்கள். நன்றாகக் காற்றோடிய பிறகு சார்ஜரை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். அது மேலே எழும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். மேலே உங்கள் அகல் விளக்கு எரிகிறது. முட்டை வாடை, அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுவதற்கோ பேட்டரி கெட்டதற்கோ அடையாளம், அந்த வாயுவும் நஞ்சு. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடாது.

பிறகு பேட்டரியை வெளி வராந்தாவுக்கு மாற்றுங்கள். சாமி அங்கேயே இருக்கட்டும்.