கடன் சுமையும் கணக்குப் பாடமும்

கேள்வி: என் கணவர் விசைத்தறித் தொழிலாளி. எட்டு மாதமாகத் தறி சரியாக ஓடவில்லை. வட்டி கட்ட வழியின்றி, இரவானால் எங்களுக்குள் சண்டைதான். பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்த மகன், பிளஸ் ஒன்னில் போன வாரம் போட்ட கணக்கையே மறந்துவிடுகிறான். அவன் மூளை மழுங்கிவிட்டதா?
— ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: மழுங்கிவிட்டதாக நான் நினைக்கவில்லை. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்தப்பட்டு, 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. பொருள்களை அடகு வைத்துக் காலம் தள்ளிய அறுவடைக்கு முந்தைய நாட்களில் சிந்தனைத் தேர்வில் தடுமாறிய அதே விவசாயிகள், கரும்புப் பணம் கைக்கு வந்தபின் மேலாகச் செய்தார்கள். இடைப்பட்ட சில மாதங்களில் அவர்களுடைய அறிவா மாறியது? கவலைதான் குறைந்தது.

அவர்கள் பெரியவர்கள். கவனத்தை நிறுத்தவும் திட்டமிடவும் உதவும் மூளையின் முன்பகுதி பதின்வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், நீடித்த மன அழுத்தத்தைப் பிள்ளைகள் விஷயத்தில் அலட்சியப்படுத்தக் கூடாது. அமெரிக்காவில் 17 வயதினரிடையே நடந்து, 2009இல் வெளியான ஆய்வில், சிறுவயதில் வறுமையில் கழித்த காலம் கூடக்கூட, பல தகவல்களை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தி வேலை செய்யும் ஆற்றல் குறைந்திருந்தது. கணக்குக்கு முதலில் வேண்டியது அந்த ஆற்றல்தானே!

இனி நான் சொல்வது உங்களுக்குச் சற்று வருத்தம் தரலாம். 1980களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயக் குடும்பங்கள் கடனில் மூழ்கியபோது ஆராய்ந்தவர்கள், பணத்தட்டுப்பாடு பெரும்பாலும் பெற்றோரின் மனச்சோர்வு, சண்டை, கடுமொழி ஆகியவற்றின் வழியாகவே பிள்ளைகளைத் தாக்கியது என்று கண்டார்கள். தறி ஓடுவது உங்கள் கையில் இல்லை; மகன் புத்தகத்தைத் திறக்கும் நேரத்தில் வட்டிப் பேச்சை எடுக்காமலிருப்பது ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. கடன் எவ்வளவு, அவன் படிப்பு நிற்குமா நிற்காதா என்பதை அவனிடம் நீங்களே ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிடுங்கள். சுவருக்கு அப்பால் பாதி கேட்டு மீதியைத் தானே கற்பனை செய்யும் பிள்ளை, படிப்பை விட்டுத் தறிக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருக்கலாம். மனக்கணக்காகப் போடாமல் ஒவ்வொரு படியையும் தாளில் எழுதிப் போடச் சொல்லுங்கள். நினைவின் பாரம் குறையும். கணக்கு ஆசிரியரிடம் வீட்டு நிலையைச் சுருக்கமாகத் தெரிவிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமோ உணவோ குறைந்திருந்தால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் கணவரும் அதில் பேசலாம்.