எஞ்சின் செய்த பிறகு லொறி மெதுவாக ஸ்டார்ட் ஆகிறதா? மறுபடி இறக்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, கந்தப்பளையிலிருந்து மரக்கறி ஏற்றும் 14 அடி லொறி வைத்திருக்கிறேன். பழைய மெக்கானிக்கல் பம்பு, 24 வோல்ட். றம்பொடை ஏற்றத்தில் சூடாகி, ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கெஸ்கட் போய்விட்டது. கராஜில் விட்டு லைனர், ரிங், பெயரிங் எல்லாம் மாற்றினோம். இரண்டு மாதமாகிறது. விடியக்காலையில் மூன்று நான்கு தடவை செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டர்) அடித்தால்தான் பிடிக்கிறது. பகலில் சூடாக இருக்கும்போது பிரச்சினை இல்லை. கராஜ் பாஸ், "புது ரிங், இறுக்கமாக இருக்கும், ஓட ஓடச் சரியாகும்" என்கிறார். மறுபடியும் எஞ்சினை இறக்க வேண்டுமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு இறக்க வேண்டாம். மூன்று நான்கு தடவை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த நேரத்தில் எஞ்சின் எப்படிச் சுற்றுகிறது என்று எழுதவில்லை. முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் சுமை தூக்கிக் களைத்தவன் போல இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? இல்லை, நல்ல வேகத்தில் சுற்றியும் பற்றாமல் இருக்கிறதா? முதலாவது என்றால் பெட்டரி, கேபிள், செல்ஃப், ஒயில் பக்கம் போக வேண்டும். இரண்டாவது என்றால் டீசலும் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம்). நாளைக் காலையில் ஒருவரைப் புகைக்குழாய்ப் பக்கம் நிறுத்திவிட்டு, நீங்கள் சாவியைத் திருப்பிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

பாஸ் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. புது ரிங், புது பெயரிங் போட்ட எஞ்சின் முதலில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் சுற்றும். ஆனால் இரண்டு மாதம் பாரம் ஏற்றி மலை ஏறி இறங்கிய பிறகும் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. அதோடு பிஸ்டனோ பெயரிங்கோ அளவுக்கு மீறி இறுக்கமென்றால், இரும்பு சூடாகி விரியும்போதுதான் இன்னும் மோசமாக வேண்டும். உங்கள் லொறி சூட்டில் நன்றாகப் பிடிக்கிறது. அதனால் நான் ரிங்கைச் சந்தேகப்படவில்லை.

இழுத்துச் சுற்றுகிறது என்றால் முதலில் ஏர்த் கேபிளைப் பாருங்கள். எஞ்சின் வேலை முடிந்து வந்த லொறிகளில் நான் முதலில் கை வைப்பது இதில்தான். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. சேஸியிலிருந்து எஞ்சினுக்கு வரும் அந்தப் பின்னல் பட்டிதான் மின்சாரம் பெட்டரிக்குத் திரும்பும் வழி. எஞ்சினை இறக்கும்போது அதைக் கழற்றுவார்கள். ஏற்றும்போது புதிதாக அடித்த பெயின்டின் மேலேயே வைத்து போல்ட்டை முறுக்கிவிடுவார்கள். வெளியே பார்த்தால் இறுக்கமாக, பளபளவென்று இருக்கும். அடியில் பெயின்ட் மின்சாரத்தை மறித்துக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஸ்டொப் கேபிளை இழுத்துப் பிடித்து எஞ்சின் பற்றாமல் செய்யுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரித் தொகுதியின் கடைசி மைனஸ் முனையிலும் (சேஸிக்குக் கேபிள் போகும் முனை), மற்றதை எஞ்சின் புளொக்கில் பெயின்ட் சுரண்டிய இடத்திலும் வையுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் சரியில்லை. பட்டியைக் கழற்றி, இரண்டு பக்கமும் இரும்பு வெளுக்கும்வரை எமரி தாள் போட்டுத் தேய்த்துப் பூட்டுங்கள். மீட்டர் இல்லையா? அந்த மைனஸிலிருந்து எஞ்சினுக்கு நேரே ஒரு தடித்த ஜம்பர் கேபிள் கொடுத்து அடித்துப் பாருங்கள். வித்தியாசம் காதுக்கே தெரியும்.

அடுத்தது பெட்டரி. கராஜில் வாரக்கணக்கில் சும்மா நின்றதே அதைக் கெடுத்திருக்கும். இரண்டு பெட்டரியையும் தனித்தனியே அளவெடுங்கள். இரவு முழுக்க ஓய்ந்த நல்ல பெட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது ஒவ்வொன்றும் 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒன்று மட்டும் சட்டென்று விழுந்தால் குற்றவாளி அதுதான், ஆனால் மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். குளிரில் பெட்டரியின் பலம் குறையும், ஒயிலும் கெட்டியாகும். ஜனவரியில் புல்லில் உறைபனி படியும் ஊர் உங்களுடையது. கராஜில் கெட்டியான 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றியிருந்தால், லொறியின் கைப்புத்தகம் அனுமதித்தால் அதைவிட இலகுவான 15டபிள்யூ-40க்கு மாறினாலே காலை வேலை இலேசாகும்.

இனி, நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் புகையைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை. இரவில் லைனில் எங்கோ எயார் புகுந்து டீசல் டாங்கிக்கே திரும்பிப் போகிறது. மலையில் இதைச் சோதிக்க நமக்கொரு வசதி உண்டு. ஒரு இரவு லொறியின் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள், மறு இரவு பள்ளத்தைப் பார்க்க. இரண்டு தடவையும் சில்லுக்குக் கட்டை போட மறக்காதீர்கள். மேட்டைப் பார்த்து நின்ற காலையில் அடம்பிடித்து, பள்ளத்தைப் பார்த்து நின்ற காலையில் உடனே பிடித்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்டார்ட் எடுக்கும் முன் கைப்பம்பை இறுகும்வரை அடித்துவிட்டுப் பார்ப்பதும் இதே சோதனைதான். பம்புக்குள் போகும் லைனில் ஒரு சாண் நீளம் டீசலுக்குத் தாங்கும் கண்ணாடி ஹோஸ் போட்டால் காற்றுக் குமிழிகளையே பார்க்கலாம். எயார் புகுவது பெரும்பாலும் லைன் மூட்டுகளில்தான்; அங்கே பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள். அற்ப விலைச் சாமான், அதை மிச்சம் பிடிப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

வெள்ளைப் புகை கண்ணெரிய வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சின் என்றால், ஹெட்டைக் கழற்றியபோது எடுத்த வயர் திரும்ப மாட்டப்பட்டதா என்று பாருங்கள். பிறகு டப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி: அது மிகக் குறைந்திருந்தால் வால்வு முழுதாக மூடாது. பம்பு டைமிங் (பம்பு டீசலை அடிக்கும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் இதே வெள்ளைப் புகைதான், கூடவே ஏற்றத்தில் இழுவையும் குறைந்திருக்கும். ஹெட் கெஸ்கட் சில எஞ்சின்களுக்கு வெவ்வேறு தடிப்புகளில் வரும். பிஸ்டன் மேலெழும் அளவை எடுத்துத்தான் தெரிவு செய்ய வேண்டும். தடித்ததைப் போட்டுவிட்டால் கம்ப்ரஷன் குறைந்து, குளிரில் முதலில் அடி வாங்கும்.

கம்ப்ரஷன் பார்க்கும்போது ஒன்றைப் பாஸிடம் சொல்லுங்கள். உங்களுக்குப் பக்கத்து நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். புத்தகத்தில் 30 பார் என்றிருந்தால், நல்ல எஞ்சினும் உங்கள் ஊரில் ஏறக்குறைய 24தான் காட்டும். இதைத் தெரியாமல், குறைவு என்று சொல்லி நல்ல எஞ்சினைத் திறந்துவிடக் கூடாது.

இரண்டு காரியம் செய்யாதீர்கள். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்; ஹீட்டர் உள்ள எஞ்சினில் அது வெடிக்கும், புது ரிங்கையும் உடைக்கும். பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் எடுக்கவும் வேண்டாம். எஞ்சின் ஓடாத லொறியில் பிரேக்குக்குத் துணை இருக்காது, ஸ்டீயரிங் கல்லாகிவிடும். அந்த வளைவுகளில் நீங்கள் மட்டும் போவதில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடந்து போகிறார்கள்.

இவ்வளவும் பார்த்தும் தீரவில்லையென்றால், நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் வரிசையாக எழுதி அனுப்புங்கள். நான்கும் ஒரே அளவில் இருந்து, உயரக் கணக்குக்கும் கீழே போனால், கெஸ்கட் தடிப்பைப் பற்றிப் பேசுவோம். பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் விழுந்திருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் கெஸ்கட் விட்டிருக்கும். அப்போது ஹெட்டை மட்டும் கழற்றி மட்டம் பார்த்தால் போதும், எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.