பிளான் வரையும் மகளை எந்த குரூப்பில் சேர்ப்பது?

காட்பாடியிலிருந்து வந்து பேசிய அம்மாவுக்கு,

பத்தாவது முடித்த பிள்ளை தானாகவே வீட்டு பிளான் போடப் பழகியிருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். "படம் நல்லா வருதே சார், ஆர்கிடெக்ட் ஆயிடுவாளா?" என்று கேட்டீர்கள். படத்தின் அழகை வைத்து நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பிளான் என்பது கட்டடத்தைத் தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் குறுக்கே வெட்டி மேலிருந்து பார்ப்பது. கதவு எந்தப் பக்கம் திறக்கும், திறந்தால் கட்டிலில் இடிக்குமா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் மகள் மாடிப்படிக்கு 8 அடி நீளம்தான் விட்டிருந்தாள். 10 அடி ஏற, படிக்கு 6 அங்குல உயரம் என்றால் 20 படி. கால் வைக்கும் அகலம் 10 அங்குலம். நேராகப் போட்டால் ஏறக்குறைய 16 அடி வேண்டும். இதைச் சொன்னதும் அவள் முகம் வாடவில்லை. பென்சிலை வாங்கி, நடுவில் ஒரு திருப்பம் வைத்து, பக்கத்து அறையைக் குறைத்து மறுபடி போட்டாள். எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

படுக்கையறையை மேற்கில் வைத்திருந்ததையும் சொன்னேன். நம்ம வேலூர் அக்னி நட்சத்திர வெயிலில் காய்ந்த மேற்குச் சுவர் ராத்திரியிலும் அனலடிக்கும். படிக்கட்டையோ குளியலறையையோ அந்தப் பக்கம் தள்ளலாம்.

இப்போது அவசரமான விஷயம் பிளஸ் ஒன் குரூப். கணக்கு இல்லாத குரூப் வேண்டவே வேண்டாம். ஆர்கிடெக்ட் ஆவதற்கான பட்டப்படிப்பு பி.ஆர்க்; அதைப் படிக்க கணக்கும் இயற்பியலும் வேண்டும். படிப்பு 5 வருடம். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்குக்கு நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு, திருச்சி என்.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வில் பி.ஆர்க் தாள். படித்து முடித்துக் கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் ஆர்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அது.

5 வருடச் செலவு பயமாக இருந்தால், பாலிடெக்னிக்கில் 3 வருட சிவில் டிப்ளமோ இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் 2 வருட சிவில் வரைவாளர் (டிராஃப்ட்ஸ்மேன்) படிப்பும் உண்டு. அதையெல்லாம் குறைச்சலாக நினைக்காதீர்கள். நல்ல வரைவாளர் இல்லாமல் எந்த ஆபீஸும் நடக்காது.

லேப்டாப் இப்போது வேண்டாம். அளக்கிற டேப் ஒன்றும் கிராஃப் நோட்டும் வாங்கிக் கொடுங்கள். 1 மீட்டருக்கு 2 செ.மீ. கணக்கில் உங்கள் வீட்டையே அளந்து வரையட்டும், சுவர்க் கனம் உட்பட. அடுத்த சனிக்கிழமை அந்த நோட்டோடு அழைத்து வாருங்கள்.